மகாராணியாக எழுதுபவருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் எழுத்து வழியாகவே வேஷம் கட்டி ஆடும் குழுக்கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரோல்பிளே என்கிறோம். ஒரு கற்பனை உலகம், ஆளுக்கொரு கேரக்டர். ஒருவர் நாலு வரி எழுதுவார், அடுத்தவர் அதற்குப் பதில் எழுதுவார், கதை நகரும். அந்த உலகத்தில் ராஜா, சேனாதிபதி, குலத்தலைவி, விண்கலத்தின் கேப்டன் என்று உயர்ந்த இடத்தில் இருக்கும் கேரக்டரை எடுத்தவர் மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் பார்த்தவரை, நல்ல குழுக்கள் பல உடைந்தது இந்த இடத்தில்தான்.

நாடகக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: மேடையில் ராஜாவை ராஜாவாக்குவது எதிரே நிற்பவர்களின் நடிப்பு. அவர் உள்ளே வரும்போது மற்றவர்கள் எழுந்து நின்றால்தான் கிரீடத்துக்கு மதிப்பு. ரோல்பிளேயில் இது இன்னும் பொருந்தும். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, யார் கையிலும் வசனம் எழுதிய தாள் கிடையாது. ஓய்வு நேரத்தைக் கொடுத்து, உங்கள் கேரக்டருக்குத் தலைவணங்க அவர்களாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒப்புதலைத் தட்டிப் பறிப்பது எப்படி இருக்கும் என்று பாருங்கள். மகாராணியின் பிளேயர் இப்படி எழுதுகிறார்: "மகாராணி அவைக்குள் நுழைந்தாள். அவள் பார்வை பட்டதும் காவலன் நடுநடுங்கி, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான்." காவலனை எழுதுபவர் வேறொருவர். அவர் இன்னும் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. அதற்குள் அவருடைய ஆள் நடுங்கியாயிற்று, மண்டியிட்டாயிற்று. இனி அவர் எழுத என்ன மிச்சம்? இதைத்தான் காட்மோடிங் என்று கண்டிக்கிறோம்.

அதே காட்சியை இப்படியும் எழுதலாம்: "மகாராணி காவலன் முன்னால் வந்து நின்றாள். நேற்றிரவு வடக்கு வாசல் யார் பொறுப்பு என்று கேட்டாள். பதில் வரும்வரை அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை." இங்கே மகாராணியின் கம்பீரம் ஒரு துளியும் குறையவில்லை, கூடியிருக்கிறது. காவலன் நடுங்கலாம், பொய் சொல்லலாம், தோழனைக் காட்டிக் கொடுக்கலாம். எது நடந்தாலும் கதைக்கு லாபம். உங்கள் கேரக்டர் செய்வதை மட்டும் எழுதுங்கள். அதனால் அடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை அவரே எழுதட்டும்.

இதைவிடச் சிக்கலானது, கேரக்டரின் அதிகாரமும் ஆளின் அதிகாரமும் ஒன்றோடொன்று குழம்பிப்போவது. இது ஆரம்பத்திலிருந்தே கூட வருகிறது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற, பலர் சேர்ந்து எழுத்து வழியாக ஆடும் கணினி விளையாட்டில், புள்ளி சேர்த்து உச்சிக்குப் போனவர் மந்திரவாதி ஆவார். ஆனதும் மற்ற ஆட்டக்காரர்களைக் கட்டுப்படுத்தும் கட்டளைகள் நிஜமாகவே அவர் கைக்கு வந்துவிடும்.

1997 ஆகஸ்ட்டில் அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டின் சோதனைக் கட்டத்தில் நடந்ததும் இந்த வகைதான். அதை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட், லார்ட் பிரிட்டிஷ் என்ற அரசராகக் கூட்டத்தின் முன் தோன்றினார். சர்வர் விழுந்து எழுந்த பிறகு, சாகாவரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். யாரோ ஒருவர் நெருப்பு மந்திரத்தை ஏவ, அரசர் செத்து விழுந்தார். அதுவரை அருமையான கதை. பிறகு விளையாட்டை நடத்துபவர்கள் தரப்பிலிருந்து பேய்கள் இறங்கின. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மடிந்தார்கள். அரசர் செத்த பாதியைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு இன்றும் நெருடுவது அடுத்த பாதி. கதைக்குள் நடந்த ஒரு கொலைக்கு, கதைக்கு வெளியே சாவி வைத்திருப்பவர்கள் பதில் சொன்னார்கள்.

அதனால்தான், அட்மினாக இருப்பவர் ராஜாவாகவும் இருக்க ஆசைப்பட்டால், அந்த ராஜா சம்பந்தப்பட்ட தகராறுகளை வேறொரு அட்மின் தீர்க்கட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன்.

தண்டனை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "இவனைச் சிறையில் தள்ளுங்கள்" என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் சிறைக்குள் போனவனோடு சீன் எழுத யார் வருவார்? எல்லோரும் விருந்து மண்டபத்தில் இருப்பார்கள். அந்தப் பிளேயர் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பார், பிறகு சத்தமில்லாமல் குழுவை விட்டே போய்விடுவார். ஆகவே தீர்ப்புக்கு முன்னால் ஓஓசியில், அதாவது கதைக்கு வெளியே, தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். "உங்கள் ஆளைச் சிறைப்பிடிக்கலாம் என்று நினைக்கிறேன், சம்மதமா? எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேளுங்கள். சம்மதம் கிடைத்தால், விசாரிக்க நீங்களே சிறைக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஒரு ஒற்றனையாவது அனுப்புங்கள். சிறையில் அடைத்தவருக்கு அந்தக் கடன் உண்டு.

காணாமல் போவதும் கடன்தான். மகாராணி கையெழுத்துப் போடாமல் போர் தொடங்காது, கல்யாணம் நடக்காது. தேர்வோ வேலையோ வந்தால் முன்கூட்டியே சொல்லி, அரசுப் பொறுப்பை ஒரு அமைச்சரிடம் விட்டுப் போகலாம். பல குழுக்களில் இத்தகைய கேரக்டர்களை விண்ணப்பம் பார்த்துத்தான் தருகிறார்கள், நெடுநாள் ஆளைக் காணாவிட்டால் வேறொருவருக்கு மாற்றிவிடுகிறார்கள். அது நியாயம்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசவையில் உங்கள் கேரக்டர் பணிந்து பேசினால் நீங்கள் தாழ்ந்துவிடவில்லை. எதிர்த்துப் பேசுங்கள், சதி செய்யுங்கள், அதற்குத்தான் அரண்மனை. ஆனால் மாட்டிக்கொண்டால் விளைவையும் எழுதத் தயாராக இருங்கள்.

அடுத்த முறை உங்கள் குழுவில் புதிதாக ஒருவர் குதிரைக்காரனாகச் சேர்ந்து, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் லாயத்தில் நின்றால், மகாராணியின் குதிரை அன்றைக்கு நொண்டட்டும்.

நன்றி, வணக்கம்.