ஒட்டவும் பிரிக்கவும் அதே மின்னூட்டம்

அவையோருக்கு வணக்கம்.

3 மில்லிமீட்டர் நைலான் மணி 50, அதே அளவு டெஃப்லான் மணி 50. இரண்டையும் தட்டையான அலுமினியத் தட்டில் போட்டுச் சீராகக் குலுக்குங்கள். உலோகத்தில் உருண்டு உரச உரச, நைலானில் நேர் மின்னூட்டம் ஏறும். டெஃப்லானில் எதிர் மின்னூட்டம். மெல்ல மெல்ல மணிகள் சதுரங்கப் பலகைக் கட்டம்போல மாறி மாறி அடுக்கிக்கொள்ளும். 2003இல் ஹார்வர்டில் வேதியியலாளர் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் இவ்வகை மணிகளைப் படிகமாகவே அடுக்கிக் காட்டினார்கள்.

ஏன் சதுரம்? கேரம் காய்களை நெருக்கினால் ஒன்றைச் சுற்றி ஆறு நிற்கும். இங்கே அப்படி நின்றால், ஒன்றையொன்று தொடும் மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே இனமாகிவிடும், விலக்கும். நாலு பக்கமும் எதிரினம் நிற்க வாய்ப்பது சதுரத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 0.5 நானோகூலூம் ஏறியதாக வைத்தால், ஒட்டிய ஜோடியின் ஈர்ப்பு 0.25 மில்லிநியூட்டன். நைலான் மணியின் எடையோ 0.16தான். டெஃப்லானை இடுக்கியால் தூக்கினால் நைலான் அடியில் தொங்கிக்கொண்டே வரும்! மின்னூட்டம் 0.75 நானோகூலூமைத் தாண்டாது, அதற்குமேல் காற்றே மின்சாரத்தைக் கடத்திவிடும்.

அடுக்கு கலைந்தால் முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள். 60 சதவீதத்துக்கு மேல் போனால் மின்னூட்டம் கசிந்துவிடும். அடுத்தது விரல் எண்ணெய்: மணிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின் கையால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், அதுவே மின்னூட்டம் பிடித்து மணிகளைத் தன் விளிம்பில் ஒட்டவைக்கும்.

இனி பிரிப்பு. மறுசுழற்சிக்கு வரும் பெட் (தண்ணீர்ப் பாட்டில் பிளாஸ்டிக்) துண்டும் பிவிசி (குழாய் பிளாஸ்டிக்) துண்டும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்று. தண்ணீரில் இரண்டும் மூழ்கும். அதனால் உருளையில் போட்டு உரசவிட்டு, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே கொட்டுகிறார்கள். பெட் எதிர் மின்தகட்டுப் பக்கம், பிவிசி நேர் மின்தகட்டுப் பக்கம் சாயும்.

நம் மணிகளையே கொட்டுவோம். 10 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 30,000 வோல்ட். தனி நைலான் மணி ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்து விழும். ஆனால் அதன்மேல் தகடு செலுத்தும் விசை 0.15 மில்லிநியூட்டன்தான், ஜோடியின் பிடிப்பு 0.25. ஒட்டிய ஜோடி பிரியாது, நேரே நடுத்தொட்டியில் விழும். தட்டில் நமக்கு உதவிய ஈர்ப்பே இங்கே எதிரி. நடுத்தொட்டி சீக்கிரம் நிரம்பினால் வோல்ட்டை ஏற்றாதீர்கள், பொறி பறக்கலாம். துண்டுகளைக் கொட்டும் ஊட்டுதட்டின் அதிர்வைக் கூட்டி, துண்டுகள் ஒற்றை அடுக்காக, இடைவெளிவிட்டு விழச் செய்யுங்கள். நடுவில் சேர்ந்ததை மறுபடி உலர்த்தி, உரசி, மேலே ஏற்றுங்கள்.