கூடத்து மூலையில் ஒரு ஹாரன்

நேயர்களுக்கு வணக்கம். ஹாரன் ஸ்பீக்கர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஆடி மாதம் விடிகாலையில் கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் செய்த வேலை அது. அது ஊருக்கே கேட்பதற்காகச் செய்தது, அலறத்தான் செய்யும். நான் சொல்ல வந்தது, நாமே பலகை அறுத்து ஒட்டி, வீட்டுக் கூடத்தில் மெதுவாக வைத்துக் கேட்கிற ஹாரன்.

நாகசுரத்தின் அடியில் விரிகிற அணசைப் பார்த்திருப்பீர்கள். ஹாரனும் அப்படித்தான், குறுகலாகத் தொடங்கிப் படிப்படியாக விரியும். அப்படி விரிந்தால்தான் ஸ்பீக்கரின் கோனுக்கு, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்புகிற கூம்புக்கு, காற்று பிடிபடும். சாதாரண ஸ்பீக்கரில் நாம் கொடுக்கிற மின்சாரம் நூற்றில் ஒரு பங்கு ஒலியானாலே பெரிது. மீதி உள்ளே இருக்கிற காயிலை, அந்தக் கம்பிச் சுருளைச் சூடாக்கத்தான். நல்ல ஹாரனில் பத்து, இருபது பங்குகூடத் தேறும். நாலு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே கூடத்துக்குப் போதும். கோன் கொஞ்சம் அசைந்தால் போதும் என்பதால் ஒலி கெடுவதும் குறைவு. சத்தத்துக்காக இல்லை ஐயா, இந்தச் சுத்தத்துக்காகத்தான் ஹாரன்.

சிக்கல் அளவில்தான். 50 ஹெர்ட்ஸ் ஒலியலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். முறைப்படி பார்த்தால் ஹாரன் வாயின் சுற்றளவும் அவ்வளவு வேண்டும். யார் வீட்டில் விடுவார்கள்? அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் 1940-களில் குழலை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, பெட்டியை அறை மூலையில் நிறுத்தினார். இரண்டு சுவரும் தரையும் மிச்சக் குழலாகிவிட்டன. நம் செங்கல் சுவரும் சிமென்ட் தரையும் அதிராதவை, இதற்கு வெகு பொருத்தம்.

நான் செய்வது இன்னும் எளிய வகை. தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாவற்றையும் ஒன்றே தருகிற எட்டங்குல ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர், 18 மில்லிமீட்டர் பிளைவுட். முன்பக்க ஒலி நேரே காதுக்கு வரும். பின்பக்க ஒலி ஒரு சின்ன அறைக்குள் போய், மடிப்பு வழியில் இரண்டரை மீட்டர் கடந்து, கீழ் வாயில் பேஸாக, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியாக வெளிவரும். பெட்டி வேலை ஒரு நாள் முடிந்துவிடும். பதம் பார்ப்பதுதான் முடியவே முடியாது.

எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் ஒருவர். என் பெட்டியைக் கேட்க வந்தவர், பாட்டு வேண்டாம், செய்தி வை என்றார். கேட்டார். "தம்பி, ஆள் பானைக்குள்ள உக்காந்து வாசிக்கிறாரே" என்றார். பின் அறை போதாமல், குரலும் குழல் வழியே கசிந்துகொண்டிருந்தது. அறைக்குள் பஞ்சு வைத்தோம், குரல் தெளிந்தது. ஆசையில் நான் இன்னும் திணித்தேன். அவர் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்! அங்கிருந்தே சத்தம் போட்டார்: "மிருதங்கத்தைப் போடு... தொப்பி எங்கடா?" தொப்பி என்பது மிருதங்கத்தின் கனத்த ஒலி தருகிற இடப்பக்கம். பஞ்சு பேஸையும் தின்றுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பிடியாக உருவ, அவர் அடுப்படியிலிருந்தே "இன்னும்... இன்னும்... போதும்" என்றார். எதிரே உட்கார்ந்து கேட்டால் ஆசை கேட்கும், அடுத்த அறையிலிருந்துதான் காது கேட்கும் என்பார். அவர் முறைதான் இன்றும் எனக்கு: ஒரு சமயத்தில் ஒரே மாற்றம், குரல் முதலில், தொப்பி பிறகு.

இரண்டரை மீட்டர் சுற்றி வருகிற பேஸ் 7 மில்லிசெகண்ட் பிந்தி வரும். அதற்கு என்ன செய்யலாம் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். உயர்ந்த ஒலிக்கென்று தனியாக வைக்கிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் சேர்ப்பதையும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: ஸ்பீக்கரை மூலையிலிருந்து சாண் சாணாக நகர்த்திக் கேளுங்கள். தொப்பி வீங்கினால் வெளியே இழுங்கள், மெலிந்தால் உள்ளே தள்ளுங்கள். ட்வீட்டர் அப்புறம். வணக்கம்.