ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று வந்தால்

நேயர்களுக்கு என் வணக்கம்.

மூட்டுவலிக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறதே, எனக்கு லூபஸ் நோய் வந்துவிட்டதா என்று கேட்டபடி, அந்த ஒற்றைத் தாளை உறையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக என்முன் அமர்ந்திருக்கும் பெண்கள் பலர். முதல் நாள் இரவு அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களில் அவை நம் சொந்தச் செல்களின் உட்கருவையே பகையாகக் கருதுகின்றன. உட்கருவைத் தாக்கும் அந்த எதிர்ப்பொருள்களின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ஏ.என்.ஏ. இதற்கான முதல் தடயத்தை, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மால்கம் ஹார்கிரேவ்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1948-இல் வெளியிட்டார்கள். லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கிப் புடைத்து நிற்கும் வெள்ளணுக்களை அவர்கள் கண்டிருந்தார்கள். அப்படி விழுங்கத் தூண்டியது நோயாளியின் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருளே என்பது பின்னர் தெளிவாயிற்று.

இன்று ஏ.என்.ஏ. பரிசோதனையில், கண்ணாடித் தகட்டில் வளர்த்த மனிதச் செல்களின்மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, நீர்க்கச் செய்து விடுகிறோம். உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் அதில் இருந்தால், ஒளிரும் சாயம் சேர்த்த இரண்டாவது எதிர்ப்பொருள் ஒன்று அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இருட்டறையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், கருமைக்கு நடுவே பச்சை வட்டங்கள் தெரியும். சிலருடைய சீரத்தில் வட்டம் முழுவதும் ஒரே சீராக ஒளிரும். சிலருக்கு ரவையைத் தூவினாற்போல் பொடிப்பொடியாக இருக்கும். தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா உள்ள சிலருக்கோ எண்ணிவிடலாம் போலத் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்.

ஆனால் நோயே இல்லாதவர்களின் சீரமும் ஒளிர்வதுண்டு. எங் டான் தலைமையில் பல ஆய்வகங்கள் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 40 மடங்கு நீர்த்த நிலையில் ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கும், 80 மடங்கில் 13 விழுக்காட்டினருக்கும், 160 மடங்கில் 5 விழுக்காட்டினருக்கும் பாசிட்டிவ் என்றே வந்தது. அதனால்தான் தாளில் அந்த ஒரு சொல்லை மட்டும் படிக்காமல், எத்தனை மடங்கு நீர்த்தும் ஒளிர்ந்தது என்று சொல்லும் பக்கத்து எண்ணையும், அதைவிட முக்கியமாக எதிரே இருப்பவரின் தோலையும் மூட்டையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று இதை எழுதிக்கொடுப்பது வீண் கலக்கத்தையே தரும் என்பது என் உறுதியான கருத்து.

லூபஸை இன்னும் குறிப்பாகச் சுட்டும் எதிர்ப்பொருள்களும் உண்டு. 1966-இல் டானும் ஹென்றி குங்கெலும் விவரித்த 'எஸ்.எம்.' அவற்றில் ஒன்று. அந்த இரண்டு எழுத்தும் ஒரு நோயாளியின் குடும்பப் பெயரிலிருந்து வந்தவை. லூபஸ் நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே அது இருக்கும் என்றாலும், இருந்தால் பெரும்பாலும் அது லூபஸ்தான். அந்த எதிர்ப்பொருளையே கருவியாகக் கொண்டு, 1979-இல் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் உட்கருவிலுள்ள சிறு ஆர்.என்.ஏ. துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். மரபுச் செய்தியை வெட்டி ஒட்டும் வேலையில் அத்துகள்களுக்குப் பங்குண்டு என்பது பின்னர் உறுதியானது. நோயாளிகள் தந்த சீரம் உயிரியலுக்கே ஒரு கதவைத் திறந்துவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அமெரிக்கப் படையினரிடமிருந்து எடுத்துச் சேமித்த சீரத்தைக் கொண்டு 2003-இல் வெளியான ஆய்வு, பின்னாளில் லூபஸ் கண்டறியப்பட்ட 130 பேரில் 115 பேருக்கு, நோய் தெரிவதற்கு முன்பே ஏதேனும் ஓர் எதிர்ப்பொருள் இருந்ததைக் காட்டியது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஆனாலும் எதிர்ப்பொருள் இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

'ரோ' என்ற எதிர்ப்பொருள் இருக்கும் தாய்க்கு எந்த நோயும் தெரியாமலே இருக்கலாம். ஆனால் அது நச்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள குழந்தையைச் சென்றடையும். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் குழந்தையின் இதயத் துடிப்பை நடத்தும் மின்பாதை தடைப்பட்டுவிடும். எனவே லூபஸோ, கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோயோ உள்ள பெண், குழந்தைக்குத் திட்டமிடும்போதே 'ரோ' இருக்கிறதா என்ற பரிசோதனையைச் செய்துவிடுகிறோம். 'ரோ' இருப்பது தெரிந்தால், பதினாறாவது வாரத்திலிருந்தே கருவின் துடிப்பை ஸ்கேனில் அடிக்கடி கேட்டுப் பார்க்க முடிகிறது.