கிட்டியைக் காட்டிய வணிகர்: காசுலு லட்சுமிநரசு செட்டி

வணக்கம். முதலில் என் கையைப் பாருங்கள். இரண்டு குச்சிகள், ஒரு முனையைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இடையில் விரல்களை வைத்து மறுமுனையை நெருக்குகிறேன். லேசாகத்தான்... அம்மா! இதற்குள் வலிக்கிறது.

இதுதான் கிட்டி. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், தீர்வை கட்ட முடியாத உழவரின் கையை இதில் வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்த காலம் அது. அடித்தவரிடமே போய் எப்படிப் புகார் சொல்வது?

இதை வெளியே கொண்டுவந்தவர் சென்னையின் ஒரு வணிகர். காசுலு லட்சுமிநரசு செட்டி, பிறப்பு 1806. தந்தை அவுரி வியாபாரி. இவரும் வியாபாரத்தில் நன்றாகப் பொருள் ஈட்டினார். அதோடு நின்றிருந்தால் இன்று நான் இவரைப் பற்றிப் பேசமாட்டேன். 1844-இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். மிஷனரிகளுக்கு அரசு துணைபோகிறது என்ற கோபம்தான் தொடக்கம். போகப்போக உழவர் துயரமும் அதில் சேர்ந்துகொண்டது. 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்.

மனு காகிதம்தானே, ஓரமாகப் போட்டுவிடலாம். அடுத்த ஆண்டு டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை மாவட்டங்களுக்கே கூட்டிப்போனார். அடிபட்டவர்களை நேரில் காணவைத்தார். எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். சரக்கைக் காட்டாமல் விலை பேசாத வணிகரின் புத்தி!

சீமோர் லண்டனில் பேசினார். 1854-இல் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டு வெளிவந்த அறிக்கை, கொடுமை நடந்ததை ஒப்புக்கொண்டது. 1859-இல் வந்த போலீஸ் சட்டம், போலீஸை வருவாய்த் துறையிடமிருந்து பிரித்தது.

1863-இல் லட்சுமிநரசு சென்னை சட்டசபை உறுப்பினரானார். 1868-இல் இறந்தார். சம்பாதித்ததையெல்லாம் பொதுக்காரியத்துக்கே கொட்டியவர், கடைசியில் வறுமையில்தான் இருந்தார். நினைக்கும்போது மனம் கனக்கிறது.

குச்சிகளை எடுத்துவிட்டேன், விரலில் தடம் இன்னும் இருக்கிறது, பாருங்கள். கிட்டி, அண்ணாந்தாள் என்ற சொற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், எந்த ஊர், என்ன பொருளில் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.