தெள்ளுக்குக் குளிசையா, துளிமருந்தா?

வணக்கம் நேயர்களே. கொழும்பில் நாய் வளர்ப்பவர்கள் மிருக வைத்தியரான என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டொக்டர், தெள்ளுக்குக் குளிசை குடுக்கிறதா, பிடரியில மருந்து விடுறதா?" நான் திருப்பிக் கேட்பேன்: "கிழமைக்கு எத்தனை தரம் நாயைக் குளிக்க வார்க்கிறீங்க?"

காரணம் இருக்கிறது. பிடரியில் விடும் ஃபிப்ரோனில் போன்ற மருந்து, தோலின் எண்ணெய்ப்பசையோடு உடம்பெங்கும் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, ஒரு மாதமளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். தெள்ளு அதில் பட்டாலே சாகும். ஆனால் மருந்து விட முன்னும் பின்னும் இரண்டு நாளைக்குக் குளிப்புக் கூடாது. நம்முடைய புழுக்கத்தில் இது நடக்கிற காரியமா? சனிக்கிழமை மருந்து விட்டு, ஞாயிறு கல்கிசைக் கடலில் நாயை இறக்கி, வீட்டில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால், கொடுத்த காசில் பாதி வடிகானோடு போய்விடும். பலர் மயிருக்கு மேலேயே ஊற்றியும் விடுகிறார்கள். மயிரை இரு பக்கமும் விலக்கி, தோல் தெரிந்ததும், நாக்கு எட்டாத இடத்தில் குப்பியின் நுனியை வைத்து அழுத்த வேண்டும்.

குளிசைக்கு இந்தத் தொல்லை இல்லை. அஃபொக்சோலனர் என்ற குளிசை மாதம் ஒன்று; ஃப்ளூரலனர் என்றது 12 கிழமைக்கு ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. மருந்து இரத்தத்தில் இருப்பதால் தெள்ளு கடித்த பிறகுதான் சாகும். உண்ணியையும் கொல்லும். உண்ணிக் காய்ச்சல் உள்ள நம் நாட்டில் அது சின்ன விஷயமல்ல. விலைதான் கையைக் கடிக்கும். அடிக்கடி குளிக்கிற நாய்க்கு நான் குளிசையைத்தான் சொல்வேன். ஆனால் முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்த வகைக் குளிசைகளால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது.

வீட்டில் பூனை உண்டா? அப்படியென்றால் பெட்டியில் பெர்மெத்ரின் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கான அந்தத் துளிமருந்து பூனைக்கு நஞ்சு. விட்ட மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும், பூனைக்கு உடம்பு நடுங்கத் தொடங்கிவிடலாம்.

சரி, எதைப் பாவித்தாலும் இரண்டு கிழமையில் எனக்கு ஃபோன் வரும்: "டொக்டர், மருந்து போலி, இன்னும் தெள்ளு ஓடுது." மருந்து போலியல்ல. நாயில் ஓடுவது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் கதிரைக்கடியிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே பாயும். அதனால் பாயைச் சுடுநீரில் கழுவுங்கள், கதிரைக்கடியைக் கூட்டுங்கள். அப்புறம், வீட்டிலுள்ள மற்ற நாய் பூனைகளுக்கும் அதே நாளில் அவற்றுக்குரிய மருந்தைக் கொடுங்கள். பெரிய நாயின் குப்பியை வாங்கி இரண்டு குட்டிகளுக்குப் பங்கு போட வேண்டாம், அளவு எடையைப் பார்த்துத்தான். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்த பிறகும் தெள்ளு போகாவிட்டால், நாயைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.