ஒரே பெயர், மூன்று பூட்டுகள்

அவையோருக்கு வணக்கம்.

மாயக்காட்சி தரும் போதைப்பொருள் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். எல்எஸ்டி, கெட்டமைன், ஊமத்தை: இவை மூளையில் கைவைக்கும் பூட்டே வேறு வேறு. ஆள் எப்படி நடந்துகொள்வார், நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதைப் பொறுத்து மாறும்.

எல்எஸ்டியை 1938-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஆல்பர்ட் ஹாஃப்மன் தயாரித்தார். 1943 ஏப்ரல் 19 அன்று 250 மைக்ரோகிராம் விழுங்கிப் பார்த்தார். கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு! மிகக் குறைவு என்று நினைத்துத்தான் எடுத்தார். வீட்டுக்குச் சைக்கிளில் போகும் வழியெல்லாம் கண்முன்னே உலகம் நெளிந்தது.

நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரடோனின். அதை ஏற்கும் பூட்டுகளான ஏற்பிகள் பல வகை உண்டு. அவற்றில் 2ஏ வகையைத்தான் எல்எஸ்டி முக்கியமாகத் தூண்டுகிறது. காளானிலுள்ள சைலோசிபினும் உடலுக்குள் சைலோசினாக மாறி அங்கேதான் போகிறது. கெட்டான்செரின் என்ற மருந்தைக் கொடுத்து அந்த ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டால், காட்சிகள் ஏறக்குறைய வருவதே இல்லை. ஆட்டம் 8 முதல் 12 மணி நேரம் நீள்வது ஏன்? இதன் உறவுக்கார ஏற்பியான 2பி-யின் படிக அமைப்பு 2017-இல் வெளியானபோது ஒரு விடை கிடைத்தது: ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் கவிந்து எல்எஸ்டியை உள்ளேயே பிடித்துவைக்கிறது.

கண் அனுப்பும் சேதியோடு மூளை ஊகித்து நிரப்புவதும் சேர்ந்ததுதான் பார்வை. எல்எஸ்டியால் அந்த ஊகம் தளர்ந்தால் சுவர் மூச்சுவிடும், ‘நான்’ என்ற எல்லை கரையும். பெரும்பாலும் அது போதையின் வேலை என்று ஆளுக்குத் தெரியும். தூரமும் உயரமும்தான் பிசகும். மாடியும் சாலையும் ஆபத்து. எல்எஸ்டி என்று விற்கும் தாளில் என்பிஓஎம்இ என்ற வேறொரு போதைப்பொருள் இருந்து உயிர் போனதும் உண்டு. மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் எல்எஸ்டி எடுத்தால் வலிப்பு வரலாம்.

மயக்க மருந்தான கெட்டமைன், குளுட்டமேட் என்ற இன்னொரு சேதி வேதிப்பொருளுக்கான என்எம்டிஏ என்ற வாயிலை அடைக்கிறது. உடல் தன்னுடையதல்ல என்று தோன்றும், வலி தெரியாது. தொடர்ந்து எடுத்தால் சிறுநீர்ப்பை கெடும்.

ஊமத்தை இன்னொரு ரகம். அசிட்டைல்கோலின் என்ற சேதி வேதிப்பொருளைத் தடுத்து அசல் பிதற்றலையே தருகிறது. இல்லாத ஆளோடு பேசுவார். விரலிடுக்கில் இல்லாத சிகரெட்டைப் புகைப்பார். எதையும் அவர் சந்தேகிக்கவே மாட்டார். விதையின் வீரியமும் செடிக்குச் செடி மாறும், எத்தனை விதை என்ற கணக்கு உதவாது.

பதறுபவரை வெளிச்சம் குறைந்த, அமைதியான இடத்தில் வையுங்கள். ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசட்டும், வாதாட வேண்டாம். நாலு பேர் சேர்ந்து அமுக்கினால் திமிறலில் உடல் சூடேறும், தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். உடல் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். மிஞ்சிய விதையையோ தாளையோ கூடவே கொடுத்தனுப்புங்கள்.

அவசரப் பிரிவில் மருத்துவர் அக்குளைத் தொட்டுப் பார்த்தால் வியக்காதீர்கள். எல்எஸ்டியானாலும் ஊமத்தையானாலும் கண்மணி விரியும், நாடி ஓடும். ஊமத்தை என்றால் மட்டும் உடம்பு அனலாய்க் கொதிக்க, அக்குள் காய்ந்து கிடக்கும்.