கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்கப் பயப்படும் வார்த்தை ஒன்று உண்டு: "கியர்பாக்ஸ் போச்சு." கியர் விழவில்லையா, கியர்பாக்ஸ் போச்சு. ஓடும்போது கியர் கழன்றுகொள்கிறதா, கியர்பாக்ஸ் போச்சு. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லையா, அதற்கும் அதே தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை. பேச்சின் நடுவே இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மனதில் வைத்துப் பேசும் கார் அறுபதுகளில் வந்த அம்பாசிடர் மார்க் 2. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையாக வைத்து வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த கார். அந்தத் தொழிற்சாலை 2014இல் அம்பாசிடரை நிறுத்திவிட்டது. கியர் போடும் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். முன்னோக்கிப் போக நான்கு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும் வளையம், கிடையாது, அதனால் வண்டி முழுக்க நிற்காமல் முதல் கியர் போட்டால் கடகடவென்று கத்தும். இது கோளாறு இல்லை, அந்தக் காரின் சுபாவம். புதிதாகப் பழைய கார் வாங்குகிறவர்கள் பலர் இதைக் கேட்டே பயந்துவிடுகிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? கிளட்ச்சில். கியர்பாக்ஸ் மேல் சுமத்தப்படும் பழி நிறைய நேரம் கிளட்ச்சுக்கு உரியது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் நன்றாகப் பிடித்து, டாப் கியர் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு, கிளட்ச் கட் ஆகாமல் இருப்பது. எஞ்சின் ஓடும்போது பெடலை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லை என்பதால் அது பொய் சொல்லாது. கரகரவென்று அரைத்தால் பெடல் மிதித்தும் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. எஞ்சினை அணைத்தபின் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தால் சந்தேகம் இன்னும் உறுதி. கியர்பாக்ஸுக்குள் கை வைக்கத் தேவையே இல்லை.

அடுத்தது, ஸ்டியரிங் தண்டிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் ராடுகள். இங்கே ஒரு காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கும்பகோணம் பக்கம் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், அவருடைய அப்பா வாங்கிய மார்க் 2ஐ வைத்திருக்கிறார். முதலும் ரிவர்ஸும் விழும். இரண்டாவது விழுந்த மாதிரி இருக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஒரு பட்டறையில் பார்த்தவர்கள், உள்ளே பல் தேய்ந்துவிட்டது, இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொண்ணூறுகளில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசிடரின் ஐந்து கியர் பெட்டியை வைத்து, கியர் கம்பியையும் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கார் அந்தக் காராக இருப்பதே ஸ்டியரிங் தண்டில் இருக்கும் அந்தக் கியர் கம்பியால்தான்.

பானெட்டைத் திறந்து, ராடுகள் கண்ணில் படும்படி குனிந்துகொண்டு, "ஐயா, ரெண்டாவது போடுங்க" என்றேன். "போட்டுட்டேன் தம்பி" என்றார். மேலே கம்பி முழுத் தூரம் போயிருந்தது. ஆனால் கீழே, கியர்பாக்ஸ் பக்கத்து லீவர் பாதித் தூரம்தான் வந்திருந்தது. மீதித் தூரத்தை, ராடு மாட்டும் இடத்தில் இருக்கும் தேய்ந்த புஷ், அதாவது சின்ன உருளை வளையம், விழுங்கிவிட்டது. ராடு மாட்டும் துளை வட்டமாக இருக்க வேண்டியது, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ராடைக் கழற்றிவிட்டு, லீவரை நேரே கையால் தள்ளினேன். இரண்டாவது 'டக்' என்று போய் உட்கார்ந்தது. மூன்றாவது, நான்காவதும் அப்படியே. கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருந்தது. துளையை வெல்டிங் வைத்து மறுபடி துளைத்து, லேத்தில் புது புஷ் கடைந்து போட்டு, நியூட்ரலில் வைத்து ராடின் நீளத்தைச் சரிசெய்தோம். பெரியவர் தன் வண்டியை அரசலாற்றுப் பாலம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். இரண்டாவது கியர் ஒருமுறைகூடக் கழலவில்லை.

டாக்ஸி ஓட்டுநர்கள் நடுரோட்டில் பானெட்டைத் திறந்து, சிக்கிக்கொண்ட ராடைக் கையால் தட்டிவிட்டுக் கிளம்புவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. கியர் கழன்றுகொண்டால் முதலில் ராடு, அப்புறம் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர், அப்புறம் கியர்பாக்ஸை எஞ்சினோடு பிடிக்கும் போல்ட்டுகள். மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சினே அசைந்து கியரைப் பிடுங்கிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் உள்ளே தேய்ந்த பல்லைப் பற்றியோ, வலுவிழந்த ஸ்பிரிங்கைப் பற்றியோ யோசிக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை.

சத்தத்துக்கு வருவோம். வானொலி கேட்பவர்களுக்குக் காது பழகியிருக்கும், அதனால் இது உங்களுக்குச் சுலபம். வண்டி நிற்கிறது, நியூட்ரல், எஞ்சின் ஓடுகிறது. ஏதோ உறுமுகிறது. கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிட்டால், சத்தம் கியர்பாக்ஸின் முன்பக்கத்து பேரிங்கிலோ, கீழ்க் கியர்களுக்கு இழுவையைக் கடத்தும் துணைத் தண்டான லே ஷாஃப்ட்டிலோ இருக்கிறது. மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால், கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அடுத்து ரோட்டில் ஓட்டுங்கள். முதல் மூன்று கியரிலும் கத்துகிறது, டாப் கியரில் அமைதியாகிவிடுகிறது என்றால் லே ஷாஃப்ட் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஏனென்றால் டாப் கியரில் எஞ்சினின் இழுவை நேராகப் பின்னால் போகிறது, லே ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றுகிறது. நியூட்ரலில் உருளவிட்டாலும் சத்தம் தொடர்ந்தால் பின்னால் தேடுங்கள். பின்னச்சுக்கு இழுவை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ், சக்கர பேரிங், பின்னச்சுப் பற்சக்கரங்களான கிரவுன் பினியன் இவற்றில் ஏதாவது ஒன்று. கிளட்ச்சை விட்டு வண்டி கிளம்பும்போது 'டொக்' என்று ஒரு அடி கேட்டால் கிராஸை முதலில் பாருங்கள்.

ஆயிலைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். கடிகாரம் அவசரப்படுத்துகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் இல்லை. மோரிஸ் மைனர் கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்தான் ஊற்றுவார்கள். கெட்டியான ஆயில் போட்டால் சத்தம் குறையும் என்று கண்டதை ஊற்றாதீர்கள். சில கியர் ஆயில்களில் இருக்கும் கந்தகம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். காரோடு வந்த கையேடு சொல்வதைப் போடுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது ஆயிலை வெள்ளைத் துணி விரித்த தட்டில் இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 வெள்ளத்தில் நின்ற சென்னைக் கார்களில் இதை நிறையப் பார்த்தோம். மின்னும் மஞ்சள் துகள் என்றால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. காந்தத்தை விட்டால் இரும்புச் சில்லு ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியென்றால் சரி, அப்போது கியர்பாக்ஸை இறக்குங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.